செருப்பைப் பார்க்கவில்லை

என் மனைவி சாந்தியின் வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குச் சற்றுக் கீழே, ஒரு சனிக்கிழமை மாலை மிலாறு குத்தியது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய (கிளைகளை நறுக்கிவிட்ட) பிறகு மலையில் கிடக்கும் குச்சியைத்தான் மிலாறு என்போம். அடுப்புக்குக் கட்டிவரப் போனவள் இறப்பர்ச் செருப்போடு ஒன்றை மிதித்துவிட்டாள். நான்தான் பிடுங்கினேன். இரத்தம்கூட அதிகம் வரவில்லை.

டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருபது வருடமாகக் கவ்வாத்து வெட்டுகிறவன் நான். குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முனை முறியாமல் இருந்தது.

“உள்ள ஒன்னும் இல்ல புள்ள. முனை அப்புடியே இருக்கு” என்று பெரிய டாக்டர் மாதிரிச் சொன்னேன்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் கழுவி, ஏற்பு ஊசி (காயத்தின் வழியாக வரும் இசிவு நோயைத் தடுப்பது) போட்டார்கள். உள்ளே ஏதும் தங்கியிருக்குமா என்று கேட்டபோது, அங்கேயும் இல்லை என்று அடித்துச் சொன்னவன் நான்தான். ஒரு வாரத்தில் காயத்தின் வாய் மூடிக்கொண்டது.

மூன்றாவது வாரம் அவள் குதிகாலை மட்டும் ஊன்றி நடந்தாள். “என்ன, புதுசா டான்ஸ் பழகுறியா?” என்று கிண்டல் செய்தேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பை நம்பி இன்னும் பத்து நாட்களைக் கடத்தினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மீதே எனக்குக் கோபம் வரும்.

காய்ச்சலும் வீக்கமும் வந்த பிறகுதான் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். யாழ்ப்பாணத்து டாக்டரம்மா ஒருவர் இருந்தார். நான் குச்சியின் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

“அண்டைக்குப் போட்டிருந்த செருப்பு எங்க?” என்றார்.

சாந்தி அதைத்தான் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். டாக்டரம்மா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். குத்திய இடத்தில் மிளகளவு துண்டு ஒன்று குறைந்திருந்தது.

“குச்சியைப் பாத்தனீங்கள். செருப்பைப் பாக்கேல்லையே” என்றார்.

ஸ்கேனில் அந்த இறப்பர்த் துண்டு தெரிந்தது. சத்திரசிகிச்சை செய்து எடுத்தார்கள். அதற்குள் ஒஸ்டியோமைலைடிஸ் (எலும்புக்குள் கிருமி குடியேறுவது) வந்துவிட்டிருந்தது. ஆறு வாரம் மருந்து.

கட்டிலருகே உட்கார்ந்து, “நான்தான் கெடுத்தேன்” என்று அழுதேன்.

“ஆமா, நீங்கதான். அழுதது போதும், அந்தத் தோடம்பழத்த உரிங்க” என்றாள். அவள்மேல் எனக்கு அன்று பொங்கிய பாசத்தை எழுத வார்த்தை இல்லை.

உங்களில் யாருக்காவது இப்படிக் குத்தினால், குத்தியதோடு செருப்பையும் எடுத்துக்கொண்டு போங்கள். வாய் மூடிய காயத்தை ஆறிய காயம் என்று நினைத்துவிடாதீர்கள்.

எலும்பு ஆறியது. ஆனால் பெருவிரல் முழுதாக மடங்குவதில்லை. குளிர் கூடினால் விண்விண்ணென்று வலிக்கும். தழும்பைச் சுற்றி உணர்ச்சியே இல்லை, நரம்பு கெட்டுவிட்டது. சாந்திக்கு இருந்த கவலையெல்லாம் ஒன்றுதான்: இனிக் கொழுந்து எடுக்கப் போக முடியுமா?

“வீட்டுலயே உக்காந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும் டாக்டரம்மா.”

“போகலாம். ஆனா தடிச்ச அடி வச்ச சப்பாத்து போடவேணும், வெறுங்காலோட ஒரு அடியும் வைக்கக்கூடாது. இனிக் குத்தினாலும் உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் ஆரேன் உள்ளங்காலைப் பாக்கவேணும். சிவந்தால், சுட்டால், கசிஞ்சால் அண்டைக்கே வாங்கோ.”

‘ஆரேன்’ என்றால் யாராவது ஒருவர்; அந்த ‘ஆரேன்’ நான்தான். முன்பெல்லாம் அடுத்த தீபாவளியைப் பற்றிப் பேசுவோம். இப்போது எங்கள் பேச்சு மறுநாளோடு நின்றுவிடுகிறது.

ஏழு மாதத்துக்குப் பிறகு அவள் முதன்முதலாக மலைக்குப் போய்த் திரும்பிய மாலை, காலைக் கழுவித் துடைத்து என் மடியில் வைத்தாள். பயத்தில் கண்களை இறுக மூடிக்கொண்டாள். நான் குதிகாலிலிருந்து ஒவ்வொரு இடமாக அழுத்திக்கொண்டு மேலே வந்தேன்.

“என்னாங்க, அந்த எடத்த இன்னும் தொடலியா?”

என் கட்டைவிரல் அங்கேதான் அழுந்தியிருந்தது. சிவப்பில்லை, சூடில்லை, கசிவில்லை.

“தொட்டுட்டேன் புள்ள. நாளைக்கும் போ.”