ஓடியே வாரேன் என்று ஆத்தாளிடம் சொல்லிவிட்டேன்

ஓடினால் செத்துப்போவேன். பல வருஷமாக எனக்குள் இருந்த பயம் இதுதான். எங்கள் பெரியண்ணன் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். பிடித்தும் விட்டார். படியில் கால் வைத்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தார். அவருக்குப் பின்னால் மூட்டையோடு ஓடிவந்த என் மேல்தான் விழுந்தார். அன்றிலிருந்து நான் எதற்காகவும் ஓடியதில்லை. பஸ் போனால் போகட்டும் என்று நிற்பேன். பிறகு பஸ்ஸே தேவைப்படாத அளவுக்கு ஆத்தா என்னைத் தூக்கிவிட்டாள், அது வேறு.

தெப்பக்குளத்து மாரியாத்தாளைக் கும்பிடுகிற சொந்தங்களே, உங்களில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. அந்தக் குறைந்த பேருக்காகச் சொல்கிறேன். பரவை மார்க்கெட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கிறேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. அடுத்தவர் தோட்டத்தில் களை பறித்த குடும்பம். மூட்டை தூக்க வந்த அதே மார்க்கெட்டில், இன்றைக்கு நான் வந்து நின்றால்தான் ஏலம் தொடங்கும். தக்காளியைத் தொட வேண்டாம், கூடையைத் தூக்கும்போது வருகிற வாசனையிலேயே அது எத்தனை நாள் தாங்கும் என்று சொல்வேன். பெருமைக்காக எழுதவில்லை. அப்படிப்பட்ட ஆளே எப்படி நடுங்கினான் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

தொழிலோடு சேர்ந்து உடம்பும் வளர்ந்தது. உடம்புதான் மரியாதை என்று நினைத்திருந்தேன். மண்டியில் எனக்கென்று இரும்பில் நாற்காலி செய்து போட்டிருந்தார்கள். கடைசியில் அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. சர்க்கரை ஏறியது. படுத்தால் மூச்சு நின்றுவிடுகிறது என்று என் மனைவி பாண்டியம்மாள் என்னைத் தட்டித் தட்டி எழுப்புவாள். இரைப்பையைச் சின்னதாக்கிக் குடலோடு சேர்த்துத் தைக்கிற ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆடியில் வேண்டாம் என்று பாண்டியம்மாள் அழுததால் ஆவணிக்குத் தள்ளினோம்.

அன்றைக்கு என்னை டிராலியில் வைத்துத் தள்ளினார்கள். மேலே விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. ஆபரேஷன் அறைக் கதவைப் பார்த்ததும் என்னை அறியாமல் கத்திவிட்டேன்.

“ஆத்தா, என்னைய உசுரோட வெளிய விட்ரு! ஒன் தெப்பக்குளத்த மூணு சுத்து ஓடியே வாரேன்!”

பாண்டியம்மாள் வாயில் அடித்துக்கொண்டாள். “ஏங்க, நடந்து வாரேன்னு சொல்லப்படாதா? ஓடுறேன்னு சொல்லிட்டீங்களே!”

“சொன்னது சொன்னதுதான்டி” என்றேன். அந்த நிலைமையிலும் என் வாய் அடங்கவில்லை.

அடுத்த டிராலியில் கோரிப்பாளையத்து மும்தாஜ் டீச்சர் படுத்திருந்தார். அவருக்கும் அதே ஆபரேஷன், எனக்கு அடுத்தபடியாக. அவ்வளவு பயத்திலும் அவர் சிரித்துவிட்டார். “அண்ணே, எனக்கும் சேத்து ஒரு சுத்து ஓடிருங்க” என்றார். கதவு திறந்து என்னை உள்ளே கொண்டுபோனார்கள்.

ஆத்தா உயிரோடு வெளியே விட்டாள்.

அதற்குப் பிறகு எனக்கு வந்த துக்கத்தை யாரிடமும் சொன்னதில்லை. உடம்பு மாதாமாதம் உருகியது. சர்க்கரை இறங்கியது, படுத்தால் தூக்கம் வந்தது, எல்லாம் நல்லதுதான். ஆனால் கண்ணாடியில் தெரிந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை. கன்னம் ஒட்டி, கழுத்துத் தோல் தொங்கி, யாரோ ஒரு நோயாளி. மார்க்கெட்டில் ஒருத்தன், “என்னண்ணே, சுகர் முத்திருச்சா?” என்று நேராகவே கேட்டான். “பெருசுக்கு உள்ள ஏதோ கெட்ட வியாதியாம்ல” என்று இன்னொருத்தன் கூடைக்குப் பின்னால் பேசியதும் காதில் விழுந்தது. அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் காலியாகக் கிடந்தது. பெரிய ஆள் என்று எல்லாரும் கும்பிட்டது என்னையா, என் உடம்பையா? குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன்.

இதோடு நேர்த்திக்கடன் பயமும் சேர்ந்துகொண்டது. ஓடினால் அண்ணன் வழி. ஓடாவிட்டால் ஆத்தா கோபம். தை பிறந்ததும் டாக்டர் எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, “மெதுவா ஓடலாம்” என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. விடிகாலையில் தெப்பக்குளத்துக்குப் போவேன். நாலு எட்டு ஓடுவேன். நெஞ்சு அடிக்கும். உடனே நின்று கழுத்து நரம்பைத் தொட்டுப் பார்ப்பேன். மறுபடி ஓடினால், யாரோ பின்னால் ஓடிவருகிற மாதிரி சத்தம் கேட்கும். திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். என் வயிற்றில் தொங்குகிற தோல்தான் அடித்துக்கொண்டிருக்கும். அப்படியே பயந்து பயந்து, நிற்காமல் ஒரு சுற்று ஓடுகிற அளவுக்கு வந்தேன்.

பங்குனித் திருவிழா வந்தது. அன்றைக்கே கடனைத் தீர்ப்பது என்று முடிவு செய்தேன். “கஞ்சியாச்சும் குடிச்சிட்டுப் போங்க, தண்ணிய அப்பப்பக் குடிக்கச் சொல்லியிருக்காங்க” என்று பாண்டியம்மாள் கெஞ்சினாள். “ஆத்தா காரியம், வெறும் வயித்தோடதான்” என்று சொல்லிவிட்டேன். முந்தின நாளிலிருந்தே பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை.

முதல் சுற்று ஓடிவிட்டேன். கோயிலுக்குப் பக்கத்தில் பானகப் பந்தல். வருஷா வருஷம் அது என் உபயம். உபயக்காரர் முதல் டம்ளர் குடித்த பிறகுதான் சனங்களுக்கு ஊற்றுவார்கள். வெயிலில் அத்தனை பேர் எனக்காகக் காத்து நின்றார்கள். “மொதலாளி வந்துட்டாரு, மொத டம்ளரக் குடுங்கப்பா!” என்று சத்தம். ஆத்தா பேரில் ஊற்றியதை வேண்டாம் என்பதா? இல்லை, இத்தனை பேர் பார்க்கச் சின்னப் பிள்ளை மாதிரி சொட்டுச் சொட்டாக உறிஞ்சுவதா? அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தேன். கைதட்டினார்கள். அந்த ஜோரில் இரண்டாவது சுற்றை ஆரம்பித்தேன்.

எதிர்க்கரைக்குப் போயிருப்பேன். குப்பென்று வியர்த்தது. வயிற்றை முறுக்கியது. நெஞ்சு அடித்த அடியில் காது அடைத்தது. குளத்துச் சுவரைப் பிடித்துச் சரிந்து உட்கார்ந்தேன். மேளச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. அண்ணனுடைய கனம் மறுபடியும் என் மேல் விழுந்த மாதிரி இருந்தது. கூப்பிட நாக்கு வரவில்லை. மனசுக்குள்தான் கூப்பிட்டேன்.

“ஆத்தா, ஓடுறேன்னு நானாத்தான் சொன்னேன். நீ கேக்கல. பெருமைக்குச் சொன்னேன். என்னைய இங்க போட்ராத தாயி. யாரையாச்சும் அனுப்பு.”

“அண்ணே! பரவை அண்ணந்தான?”

கண்ணைத் திறந்தால், தலையில் முக்காடு, காலில் ஓட்டப் பந்தயக்காரர் போடுகிற ஷூ. மும்தாஜ் டீச்சர். பாதி ஆளாகியிருந்தார். அந்தக் கரையில் தினமும் நடக்கிறாராம். நான் ஒருநாளும் கவனித்ததில்லை.

“என்னண்ணே குடிச்சீங்க?”

“பானகம்.”

“எம்புட்டு?”

“ஒரு டம்ளர். ஒரே மூச்சுல.”

“யா அல்லா!” என்று தலையில் கை வைத்தார். “வெறும் வயித்துல வெல்லத் தண்ணியா? நம்ம வயிறு இனிமே அதத் தாங்காதுன்னு ஆஸ்பத்திரியில சாப்பாட்டு மொற சொல்லிக்குடுத்த பொண்ணு தலப்பாடா அடிச்சுக்கிட்டுச்சே! நீங்க அப்பப் போன்ல தக்காளி வெல பேசிக்கிட்டு இருந்தீங்க. படுங்கண்ணே, மொதல்ல படுங்க.”

தரையிலேயே படுக்க வைத்தார். தன் பையை என் காலுக்கு அடியில் வைத்தார். ஆட்டோவுக்கும் என் மனைவிக்கும் ஆள் அனுப்பினார். “எனக்கும் ஒருதடவ இப்படி வந்துச்சு. பேத்தி பொறந்த நாளு, கேக்கு. செத்தேன்னே நெனச்சேன். நெஞ்சையும் பாத்துருவோம், ஆனா இது போயிரும்ணே.” அவர் பேசப் பேச நெஞ்சுப் படபடப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துப் பார்த்தார்கள். இருதயம் நன்றாக இருக்கிறது, டீச்சர் சொன்னதுதான் சரி என்றார்கள்.

யாரையாவது அனுப்பு என்றேன். அத்தனை ஆயிரம் கூட்டத்தில் என் வயிற்றைப் பற்றித் தெரிந்த அந்த ஒருத்தரை அனுப்பினாளே, அவளை என்னவென்று சொல்வது!

இருந்தாலும் கடன் பாதியில் நின்றுவிட்டது. அது என்னைத் தூங்கவிடவில்லை. சாந்தி ஏதாவது செய்ய வேண்டுமா என்று பூசாரியிடம் போய்க் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஆத்தாகிட்ட ஓடுறேன்னு சொன்னீரு, சரி. பட்டினியா ஓடுறேன்னு சொன்னீரா?”

“இல்ல சாமி.”

“இன்ன தேதியில, கூட்டம் பாக்க ஓடுறேன்னு சொன்னீரா?”

“இல்ல.”

“பின்ன என்னத்துக்கு அவ கணக்குல நீரா எழுதிக்கிறீரு? சாப்பிட்டுட்டு வந்து ஓடும்.”

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. மேளம் இல்லை, பந்தல் இல்லை. கஞ்சி குடித்து வெகுநேரம் கழித்து, தண்ணீரை மிடறு மிடறாகக் குடித்துக்கொண்டு போனேன். பாண்டியம்மாள் கோயில் வாசலில் உட்கார்ந்து முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஒவ்வொரு கரையும் திரும்பும்போது, இந்தக் கரையில்தான் விழுவேன் என்று நினைத்தேன். அன்றைக்கு விழுந்த இடம் வந்ததும் கால் தானாகப் பின்வாங்கியது. “ஆத்தா, ஆத்தா” என்று எட்டுக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டே தாண்டினேன். நடப்பவர்கள்கூட என்னை முந்திக்கொண்டு போனார்கள். மூன்று சுற்றும் முடிந்தது. சந்நிதியில் போய் நின்றேன். கண்ணீர்தான் வந்தது.

திருநீறு பூசிவிட்ட பாண்டியம்மாள் என் கையைப் பிடித்துப் பார்த்தாள். “இன்னும் எதுக்கு இப்படி நடுங்குது? அதான் முடிஞ்சிருச்சுல்ல?”

“பயமா இருக்குடி.”

“இனிமே என்ன பயம்?”

“நாளைக்கும் ஓடணும்போல இருக்கு.”

அன்றிலிருந்து ஓடுகிறேன். இன்றைக்கும் முதல் பத்து எட்டு பயந்துதான் ஓடுகிறேன். ஆபரேஷன் முடிந்து வீட்டில் சுருண்டு கிடப்பவர்கள், என்னை மாதிரி கண்ணாடியைப் பார்த்து அழுகிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். டாக்டர் பேசும்போது போனைக் கீழே வையுங்கள். நெஞ்சு படபடத்தால் ஒளிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பயம் தீர்ந்த பிறகு ஆத்தாளைக் கூப்பிடலாம் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். நடுக்கத்தோடேயே கூப்பிடுங்கள், அவள் வருவாள். எந்த முக்காட்டில், எந்த ஷூவில் வருவாள் என்று நமக்குத் தெரியாது.

துணைக்கு ஆள் வேண்டுமென்றால் விடிகாலையில் தெப்பக்குளத்துக்கு வாருங்கள். எல்லாருக்கும் கடைசியாக ஒருத்தன் முணுமுணுத்துக்கொண்டே வருவான். அது நான்தான். என்னை முந்தாமல் கூடவே ஓடுங்கள்.