கால் முதலில் பிறந்தவள்

ஒரு சின்னப் பொய்தான். ஆனால் யாராவது கரண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் இன்றைக்கும் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். எலும்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வருடம் தெரிந்துகொண்டதுதான்.

சூரியநெல்லிப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் இருந்தோம். தாய் வயிற்றிலிருந்து கால் முதலில் வந்த பிள்ளை மிதித்தால் சுளுக்கு விட்டுவிடும் என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை. என் வகுப்பில் அப்படிப் பிறந்த ஒருத்தி இருந்தாள். பெரியவர்களெல்லாம் அவளைத் தேடிப்போய் முதுகைக் காட்டிப் படுப்பார்கள். எழுந்ததும் வாழைப்பழம் கொடுப்பார்கள். பொறுக்கமாட்டாமல், நானும் அப்படித்தான் பிறந்தேன் என்று சொல்லிவைத்தேன். அவள் வீடு தோட்டத்தின் மேல் டிவிஷனில், தூரம். எங்கள் லயத்துக்கு நான் போதும் என்றாகிவிட்டது.

அம்மாவின் தம்பி, என் மாமா, தோட்டத்து வாலிபால் டீமில் வலையோரம் நின்று அடிப்பவர். எழும்பினால் மார்பு வலைக்கு மேலே தெரியும். பக்கத்துத் தோட்டத்தோடு ஆட இன்னும் நாலு நாள் இருந்தது. பயிற்சியில் எழும்பி அடித்துவிட்டு, எதிர்ப்பக்கம் நின்றவன் பாதத்தின்மேல் இறங்கிவிட்டார். கால் உள்பக்கம் மடங்க, உடம்புப் பாரம் முழுவதும் அந்தக் கரண்டையில் விழுந்தது.

தூக்கிவந்து வாசலில் உட்கார வைத்தார்கள். கங்காணி பார்த்துவிட்டு, "சுளுக்குத்தாம்ல. ஒங்க அக்கா மவ இருக்கால்லா, மூணு நாள் மிதிக்கச் சொல்லு. ஞாயித்துக்கெழம எந்திச்சுக் குதிப்ப" என்றார்.

அம்மா போடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். பத்துப் பேர் என்னையே பார்த்தார்கள். மாமாவும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு காலை நீட்டி, "வா தாயி, மிதி" என்றார்.

மிதித்தேன். உள்ளே ஏதோ நறநறவென்றது.

"வலிக்குதா மாமா?"

"நீ ஒரு கோழிக்குஞ்சு. ஒன் மிதியில என்ன வலி?"

மறுநாளும் மிதித்தேன், அதற்கு மறுநாளும் மிதித்தேன். கால் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது.

அன்று சாயங்காலம் அம்மா வந்தாள். காலைப் பார்த்தாள், விஷயத்தைக் கேட்டாள். "எவ சொன்னா, இவ கால் மொதல்ல..." என்று ஆரம்பித்தாள்.

"அக்கா, தண்ணி வேணும்" என்றார் மாமா.

அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். பேச்சு அத்தோடு நின்றது. தப்பித்தேன் என்றுதான் எனக்குத் தோன்றியது. அதை எழுதத்தான் கூச்சமாக இருக்கிறது.

"எலும்பு முறிஞ்சிருக்கு" என்றார் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். "அசையாம வெச்சிருந்தா தானாச் சேந்திருக்கும். எந்தப் புத்திசாலி மிதிச்சு வெலக்கினது?"

"நாந்தான் ஊணி நடந்துட்டேன் சார்" என்றார் மாமா.

கட்டுப் பிரித்த பிறகும் கரண்டை சரியாக மடங்கவில்லை. சரிவில் நின்று தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்ட முடியாமல், இலை நிறுக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். பந்துச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வார்.

எனக்குக் கல்யாணமான பிறகு ஒருநாள் அம்மா சொன்னாள். நான் பிறந்தபோது மருத்துவச்சியைக் கூட்டிவந்து வெளியே காத்து நின்றவர் மாமாதானாம். "தல வந்துருச்சு" என்று உள்ளேயிருந்து கேட்டதும் லயம் முழுக்க ஓடிச் சொன்னவரும் அவர்தானாம். தெரிந்தும் ஏன் காலை நீட்டினாய் என்று அம்மா கேட்டதற்கு, "அத்தன பேருக்கு முன்னால பிள்ள மூஞ்சியப் பாக்க முடியலக்கா. வெறும் சுளுக்குன்னுதான் நெனச்சேன்" என்றாராம்.

அவர் தண்ணி கேட்ட அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. மாமாவுக்கு நிஜமாகவே தாகம் என்று நினைத்து, இரண்டு தம்ளர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.