நாவற்குழிப் பாலத்தில் தும்பிகள்

பாலத்தடியில் நாலு பேர் ஒட்டி நிற்கிறோம். நான். மனைவி மேரி. அவள் கையில், பிறந்து பன்னிரண்டு நாளான மகள். பக்கத்தில், சைக்கிளைப் பிடித்தபடி உரும்பிராயிலிருந்து வரும் ஒரு ரீச்சர். ஆமி வருகிறதென்று ஊரை விட்டு வெளிக்கிட்ட சனம் முன்னும் பின்னும் நிற்கிறது. விடிந்ததிலிருந்து பத்தடிதான் நகர்ந்திருக்கிறோம். மழை விடவில்லை.

ரீச்சரின் கரியரில் பொலித்தீன் சுற்றிய கட்டு ஒன்று இருக்கிறது.

"உதுக்குள்ளை என்ன, ரீச்சர்?"

"தும்பிப் படங்கள், தம்பி. வெள்ளைக்காரன் காலத்திலை எங்கடை தும்பியளைப் பாத்துக் கீறினது. பள்ளிக்கூட அலுமாரியிலை விட்டிட்டு வர மனம் கேக்கேல்லை."

"சனம் பிள்ளையளைத் தூக்குது. நீங்கள் பூச்சியளைத் தூக்கிறியள்" என்கிறாள் மேரி.

ரீச்சர் சிரிக்கிறார். "தண்ணிச் சாயம், பிள்ளை. நனைஞ்சால் போச்சு."

மகள் அழுவதை நிறுத்திவிட்டாள். உதடு நீலம் பாரித்திருக்கிறது. நான் பொலித்தீனைப் பார்க்கிறேன்.

ரீச்சர் கட்டை அவிழ்க்கிறார். பொலித்தீனை உதறி மேரியிடம் கொடுக்கிறார்.

"பிள்ளையைச் சுத்துங்கோ."

படங்களைச் சேலைக்குள் செருகிக்கொள்கிறார்.

பாலம் கடக்க மத்தியானமாகிறது. மகள் பால் குடிக்கிறாள். ஒரு கடை விறாந்தையில் ரீச்சர் படங்களைப் பிரிக்கிறார். பென்சில் கோடு இருக்கிறது. சிவப்பும் பச்சையும் அவருடைய சேலையில் இருக்கின்றன.

"எனக்குக் கண் தெரியேல்லை, தம்பி. நிறம் உள்ளதை எண்ணிச் சொல்லுங்கோ."

எண்ணுகிறேன். அறுபத்துநாலு படங்களில் இரண்டு.