திரிந்த துளி

மலர்க்கொடியின் பெற்றோர் எறையூர் ஆலைக்குக் கரும்பு வெட்டியவர்கள். அவள் திருச்சியில் லேப் டெக்னீசியன் படித்து, 1984இல் அரியலூரில் ஒரு டாக்டரிடம் ரத்தம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தாள். வேலை நிரந்தரமில்லை. "பார்ப்போம்" என்றிருந்தார் டாக்டர்.

அங்கே புதிதாக ஒரு சோதனை வந்திருந்தது. உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஒரு புரதம் பெருகும். அதைப் பிடிக்கும் எதிர்ப்பொருளை நுண்மணிகளில் பூசி, பால்போன்ற திரவமாகச் சீசாவில் விற்றார்கள். கறுப்புக் கண்ணாடித் தகட்டில், நோயாளியின் ரத்தம் உறைந்தபின் தெளியும் நீரோடு ஒரு துளி சேர்த்து ஆட்டினால், அழற்சி உள்ளவருக்குத் திரியும். இல்லாதவருக்குப் பாலாகவே நிற்கும்.

சித்திரை வெயிலில் அந்தச் சீசாவைத் திருச்சியிலிருந்து வாங்கிவந்தவன் அவள் புருஷன் பழனிவேல். குச்சி ஐஸ் விற்பவன். தன் ஐஸ் பெட்டியிலேயே வைத்துக் கொண்டுவந்தான்.

"இந்த வெயில்லயும் கரையல புள்ள. ஐஸுல உப்பு அள்ளிப் போட்டுட்டேன்ல. ஒம் மருந்து கல்லு மாதிரி இருக்கு பாரு."

"பெரிய டாக்டருதான் நீ" என்று சிரித்து வாங்கிக்கொண்டாள். போலியோ மருந்தை உறையவைத்துத்தான் காப்பார்கள். இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள்.

மறுநாள் விக்கிரமங்கலம் குழந்தைவேல் தன் மகள் காத்தாயியைத் தூக்கிவந்தார். முழங்கால் வீங்கியிருந்தது. துளி திரிந்தது. இதயத்தைத் தாக்கும் மூட்டுவாதக் காய்ச்சல் என்று டாக்டர் முடிவுசெய்து ஊசி போட்டார். மாதாமாதம் ஊசி, ஓடவே கூடாது, பள்ளிக்கூடம் வேண்டாம் என்றார்.

அவர்கள் போனபின் கம்பவுண்டர் செல்லதுரை விளையாட்டாகத் தன் ரத்தத்தையும் கொடுத்தார். அதுவும் திரிந்தது.

"கல்லத் தின்னாலும் செரிக்கிற ஒடம்புக்கு அழற்சியாம்!"

மலர்க்கொடி சிரிக்கவில்லை. ரத்தமே இல்லாமல் வெறும் தண்ணீரில் ஒரு துளி விட்டாள். திரிந்தது. உறைந்ததில் மருந்தே கெட்டிருந்தது.

டாக்டரிடம் போய்ச் சொன்னாள்.

"புது சீசா வரட்டும். அடுத்த ஊசிக்கு வருவாங்கள்ல, அப்ப பாத்துக்கலாம். வெளிய பேசினா நீ வேலைக்கு வர வேணாம்."

மறுநாள் காலை விக்கிரமங்கலம் பஸ் ஏறினாள்.

காத்தாயி கட்டிலில் கிடந்தாள். ஓடிவிடாமலிருக்க, வீங்காத காலைச் சேலைக் கிழிசலால் கட்டில் சட்டத்தோடு கட்டியிருந்தாள் தாய் கலியம்மாள்.

"சோதனை தப்பாயிடுச்சுங்கய்யா. திரும்ப ரத்தம் எடுக்கணும். திருச்சிக்கு அனுப்பிப் பாக்குறேன்."

"நேத்து நோவு இருக்குன்னீங்க. இன்னைக்கு இல்லங்கிற. எதம்மா நம்புறது?" என்றார் குழந்தைவேல்.

"இல்லைன்னும் சொல்லலைங்க. தெரியலைன்னு சொல்லத்தான் வந்தேன்."

"டாக்டரு அனுப்பினாரா?"

"இல்லைங்க."

"அக்கா, இனிமே ஓடலாமா?" என்றாள் காத்தாயி. கலியம்மாள் முடிச்சில் கை வைத்தாள்.

"அவுக்காத" என்றார் குழந்தைவேல். "ரத்தத்த வேணா எடுத்துக்கட்டும். டாக்டரு வாயால சொல்லட்டும், அப்பறம் அவுக்கலாம்."

மலர்க்கொடி காத்தாயியின் கையைப் பிடித்து, ரத்தம் எடுக்க ஊசியை ஏற்றினாள். குழந்தையின் கால் துள்ளியது. கிழிசல் விறைத்து இழுத்துப் பிடித்தது.