காலி மூக்குக்கண்ணாடிக் கூடு

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். சத்தத்தைக் கேட்டே எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். நான்கு வரி படிக்கச் சொன்னால் மட்டும் வியர்த்துக் கொட்டும். எழுத்து ஒரு இடத்தில் நிற்காது என்பார். படிக்கத் திணறிய எங்கள் மகளைப் பார்த்த டாக்டர்தான் அதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர் சொல்லி, "அப்பாவுக்கும் இருக்கும் போல" என்றார்.

கம்பெனியில் யாருக்கும் தெரியாது. யாராவது காகிதத்தை நீட்டினால் சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறப்பார். "அடடா, கண்ணாடிய வீட்டுலயே வச்சிட்டேன் சார்." இருபது வருஷமாக இதே நாடகம். அவருக்குக் கண்ணாடியே கிடையாது.

இணையதளங்களையும் அவர் படிப்பதில்லை, எங்கே அழுத்துவது என்று இடத்தை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். வருஷா வருஷம் லிஃப்ட் வேலைக்கான லைசென்ஸைப் புதுப்பிக்க மேலிருந்து மூன்றாவது கட்டம், கடைசியில் வலது மூலைப் பட்டன். நீளமாக ஏதாவது வந்தால் போனையே சத்தமாகப் படித்துக் காட்ட வைத்துக் காதில் வைத்துக்கொள்வார். நான் செய்து தருகிறேன் என்றால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

இந்த வருஷம் தளத்தை அழகுபடுத்துகிறேன் பேர்வழி என்று எவரோ பட்டன்களை இடம் மாற்றி வைத்துவிட்டார். கடைசி நாள், மதியம், கம்பெனி ஓய்வறை. இவர் பழக்கத்தில் வலது மூலையை அழுத்தினார். அங்கே இப்போது இருந்தது 'ரத்து செய்'. விண்ணப்பம் போயே போச்சு. ஐந்து மணிக்குள் மறுபடி போடாவிட்டால் நாளை முதல் லிஃப்டில் கை வைக்க முடியாது.

எனக்கு மூன்று தடவை போன் அடித்திருக்கிறார். வேலை நேரத்தில் என் போன் லாக்கரில் கிடக்கும். வேறு வழியில்லாமல் உதவி எண்ணைக் கூப்பிட்டார்.

"ஸ்கிரீன்ல என்ன எழுதியிருக்கு, படிங்க சார்" என்றாளாம் அங்கே பேசிய பெண்.

பேசிக்கொண்டிருக்கும்போது போன் படித்துக் காட்டாது. கை தானாகக் கூட்டை எடுத்துத் திறந்தது. சூப்பர்வைசரும் மற்றவர்களும் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார்கள். இவர் கூட்டை மூடி மேஜையில் வைத்தார்.

"எனக்குப் படிக்க வராதும்மா. எந்த இடத்துல அழுத்தணும்னு மட்டும் சொல்லுங்க."

"சரி சார். இடது பக்கம், மேலருந்து ரெண்டாவது கட்டம்."

நாலே முக்காலுக்கு லைசென்ஸ் வந்துவிட்டது.

"உங்க ஆளுங்க என்ன சொன்னாங்க?" என்று அன்று சாயங்காலம் கேட்டேன்.

"சூப்பர்வைசர் நாளைக்கு உள்ள வேலைத்தாள எடுத்து, அவராவே படிச்சுக் காட்டினார். இவ்வளவுதானா, இதுக்கா இருபது வருஷம் பயந்தேன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அந்தக் கூட்டில் சின்ன ஸ்க்ரூக்களைக் கொட்டி, டூல் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.