நாலாவது சர்வரில் மீனாள்

காலை பதினோரு மணிக்கு மருந்துக் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. குழந்தைகளுக்கான காய்ச்சல் சிரப்பில் ஒரு பேட்ச் சரியில்லை, யாரும் கொடுக்கக் கூடாது. எங்கள் மருந்துக் கடைகளில் அதை வாங்கியவர்களுக்கு மத்தியான மருந்து வேளைக்குள் போன் போட்டாக வேண்டும். காரைக்குடி தலைமை ஆபீஸில் டேட்டாபேஸ் பார்ப்பது நான்.

கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகளே, நான் டிப்ளமோவோடு நின்றவன். பழகித் தெரிந்ததைச் சொல்கிறேன். முன்பு எங்களிடம் இரண்டு சர்வர், ரெண்டுக்கும் பொதுவாக ஒரே ஸ்டோரேஜ். சேர்ந்து இயங்குவதால் அதுவும் கிளஸ்டர்தான், ஆனால் எம்.பி.பி. என்கிற மாசிவ்லி பேரலல் ப்ராசஸிங் இல்லை. இரண்டும் ஒரே பெட்டிக்குள் தேடும், ஒன்றுக்காக ஒன்று காத்து நிற்கும். எம்.பி.பி. என்றால் ஒவ்வொரு சர்வருக்கும் தனி சி.பி.யூ., தனி மெமரி, தனி டிஸ்க், தன் பங்கு டேட்டா. கேள்வி எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் போகும். அதது தன் பங்கைத் தேடி அனுப்ப, தலைமை சர்வர் சேர்த்துக் கொடுக்கும். அப்படி நாலு சர்வர் போட்டோம். டேட்டாவைப் பிரித்து வைத்ததும் நான்தான்.

அந்தப் பேட்ச் வாங்கியவர்களைத் தேடும் குவெரியை ஓட விட்டேன். ஒரு மணி நேரம் என்று முதலாளியிடம் சொல்லியிருந்தேன். மணி பன்னிரண்டேகால் ஆகியும் பட்டியல் வரவில்லை.

எங்கள் இன்ஜினியர் செல்வி திரையைப் பார்த்தாள். "என்னண்ணே, நாலு மிஷினு போட்டீக, ஓடுறது ஒன்னுதான். மத்த மூணும் எப்பவோ முடிச்சுட்டுத் தூங்குது. எதை வச்சுப் பிரிச்சீக?"

"வாங்குனவுக பேரோட மொத எழுத்த வச்சும்மா. எழுத்தை நாலு பங்காப் போட்டேன்."

"நம்ம ஊர்லயா? முத்தையா, மெய்யப்பன், மீனாட்சி, மாணிக்கம், முருகன்... 'ம'வுல தொடங்குற பாதி சனமும் நாலாவது மிஷின்லயே உக்காந்திருக்குண்ணே!"

அவள் சிரித்தாள். முதலாளி சிரிக்கவில்லை.

மறுபடி பிரிக்க நேரமில்லை. நாலும் முடித்தால்தான் ஊர்வாரியாக அடுக்கிய பட்டியல் வரும். ஒன்றேகாலுக்கு வந்தது. ஆளுக்கொரு போனை எடுத்தோம். பலர் இன்னும் மருந்து கொடுத்திருக்கவில்லை. கல்லல் ஊரில் மீனாள் என்ற அம்மா எடுத்தார்.

"அய்யோ, இப்பத்தானே ஒரு மூடி ஊத்துனேன்! பிள்ளைக்கு என்ன செய்யும்?"

"பாட்டிலோட டாக்டர்ட்டத் தூக்கிட்டுப் போங்கம்மா, உடனே!"

சாயங்காலம் அவரே கூப்பிட்டார். ரெண்டு தடவை வாந்தி, இப்போது விளையாடுகிறான் என்றார். போனை வைக்கும் முன், "ஒரு மணிக்குத்தான் ஊத்துனேன், அதுக்கு முந்திச் சொல்லியிருக்கலாம்ல தம்பி?" என்று கேட்டார்.

அந்த வாரமே பில் நம்பரை வைத்துச் சமமாகப் பிரித்தோம். இப்போது அதே தேடல் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிறது. டிஸ்க்கும் மெமரியும் தனித்தனியாக இருந்தால் மட்டும் போதாது பிள்ளைகளே, பங்கும் சமமாக இருக்க வேண்டும். மூன்று சர்வர் சீக்கிரம் முடித்து என்ன புண்ணியம்? மீனாளின் பேர் இருந்தது நாலாவதில்.