அக்கரை நகரும் ஏரி

கேமராவின் ஷட்டரை நான்கு நிமிடம் திறந்துவைத்து ஏரியைப் படமெடுப்பது, மூச்சை அடக்கிக்கொண்டு சும்மா நிற்கும் வேலை. புது வேலையில் ப்ரொபேஷனில் இருக்கும் யாருக்கும் அது பழக்கம்தான். அலையெல்லாம் அழிந்து வெள்ளைத்தாள் மாதிரி தண்ணீரும், ஒரு மரமும் மட்டும் மிஞ்சும். சிட்னியின் லிட்கமில் குகன் அண்ணாவின் ஸ்டூடியோ இப்படங்களை கிளினிக் சுவர்களுக்கு விற்கிறது. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். அங்கே கிடைத்த இந்த உதவியாளர் வேலை போனால் அப்பாவிடம் என்ன சொல்வேன் என்பதே என் கவலை.

எனக்கு முன்னால் இருந்தவர்

இது நான் பார்த்ததல்ல, அண்ணா சொல்லிக் கேட்டது. சிட்னிக்குத் தெற்கே ஒரு மலைச் சதுப்பில், தோட்டங்களுக்காக பீட் என்னும் கறுத்த மக்குமண்ணை வெட்டியெடுத்த பள்ளம் இப்போது ஏரி. முந்தைய உதவியாளர் அங்கிருந்து பாதியில் திரும்பி, கேமராவை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாராம்: "அண்ணை, அக்கரை நகருது. நான் இனி அங்க போகமாட்டன்."

நார்த்மீட் பல் டாக்டர்

மலேசியாக்காரர், தன் கிளினிக் சுவருக்குப் படம் வாங்குபவர். அந்த ஏரியை ஒரே இடத்திலிருந்து வெவ்வேறு நாளில் நான் எடுத்த இரண்டு படங்களை மாறி மாறிப் பார்த்தார். முதல் படத்தில் புதர் இடப்பக்கம், அடுத்ததில் வலப்பக்கம். நான் எதையும் மாற்றவில்லை என்றேன். சிரித்தார். "சும்மா சொல்லும்மா, கம்ப்யூட்டர்ல நகர்த்திட்டதானே?"

ஆடிய படம்

அடுத்த முறை காற்றே இல்லை. நாணலுக்குள் நடந்து, ஒரு பட்டுப்போன கட்டைக்குப் பின்னால் கேமராவைத் தாங்கும் ட்ரைபாடை ஊன்றினேன். திரும்பும்போது, வரும்போது இல்லாத ஒரு தண்ணீர்க் கீற்றைத் தாண்டவேண்டியிருந்தது. கவனிக்காமல் வந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

படத்தில் அக்கரை முழுதும் இழுபட்டிருந்தது. "ட்ரைபாட்டைத் தட்டிப்போட்டீர். இன்னொருக்கா இப்பிடி வந்தா வேற வேலை பாரும், தங்கச்சி," என்றார் அண்ணா. தட்டவில்லை என்று சத்தியம் செய்ய எனக்குத் தைரியமில்லை, தட்டியிருக்கலாம்.

வீட்டில் படத்தைப் பெரிதாக்கினேன். முன்னால் நின்ற கட்டை, கீறல் கீறலாகத் துல்லியமாக இருந்தது. ட்ரைபாட் ஆடியிருந்தால் அதுவும் கலைந்திருக்க வேண்டும். மறுநாள் காட்டினேன். அண்ணா கட்டையையும் அக்கரையையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப நீர் எதுக்கு மேல நிண்டனீர்?"

பின்னர் விசாரித்தேன்: பீட் வெட்டிய ஏரிகளில் கரை துண்டுதுண்டாகப் பிய்ந்து, நாணலும் புதருமாக மிதந்து போவதுண்டாம். நானும் அந்தக் கட்டையும் நின்றது அப்படியொரு துண்டின் மேல்தான்; ஆக, ட்ரைபாடை நான் தட்டவில்லை.